ஸ்டேட் ஆன தேதி

ப்ளோரிடாவை நான் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்ற ஆசையும் கிடையாது. ஆனால் அது என்றைக்கு அமெரிக்காவில் ஒரு ஸ்டேட் ஆனது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். 1845, மார்ச் மூன்று. இருபத்தேழாவது ஸ்டேட். என் கல்யாணத் தேதியைக் கேட்டால்கூட ஒரு நிமிஷம் யோசிப்பேன். இதற்கு யோசிக்க மாட்டேன்.

காரணம், அதே மார்ச் மூன்றாம் தேதி எங்கள் வீட்டில் தெவசம்.

இறந்துபோனது மனிதர் இல்லை, புதுக்கோட்டை சமஸ்தானம். எங்கள் சொந்த ஊர் அதுதான். வெள்ளைக்காரன் காலத்தில் நாலு பக்கமும் அவன் ஆட்சி, நடுவில் ராஜா ஆண்ட சின்ன ராஜ்யம். அங்கே யாரும் சமஸ்தானம் என்று வாய் வலிக்கச் சொல்வதில்லை. 'ஸ்டேட்' என்பார்கள். ஸ்டேட் ஆஸ்பத்திரி, ஸ்டேட் காலேஜ், ஸ்டேட் உத்தியோகம். அப்பா ஸ்டேட் ஆபீசில் ரெக்கார்டு கீப்பர். சுதந்திரம் வந்த மறு வருஷம், 1948 மார்ச் மூன்றாம் தேதி, ஸ்டேட் இந்தியாவோடு சேர்ந்தது. சேர்ந்த கையோடு அதைத் திருச்சி ஜில்லாவில் ஒரு துண்டாக்கிவிட்டார்கள். ஊரில் பலபேர் அதைச் சந்தோஷமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். அப்பாவால் முடியவில்லை.

அவரைத் திருச்சி கலெக்டர் ஆபீசுக்கு மாற்றினார்கள். ரெக்கார்டுக் கட்டுகள் லாரியில் போயின, கட்டுகளோடு அப்பாவும் போனார். புறப்படும்போது தன் அக்கா வீட்டு வாசலில் நின்று, "அக்கா, இது மறுபடி ஸ்டேட் ஆனாத்தான் இந்த மண்ணை மிதிப்பேன்" என்று சொல்லியிருக்கிறார். கோபத்தில் மனிதர்கள் என்னென்னவோ சொல்கிறார்கள், அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குள் மறந்தும்போகிறார்கள். அப்பா ரெக்கார்டு கீப்பர். எதையும் மறக்காமல் இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளமே.

அந்த அக்காதான் என் அத்தை. அப்பாவைவிடப் பதினாலு வயது மூத்தவர். தாயில்லாப் பிள்ளையான தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். கணவர் சின்ன வயதிலேயே தவறிவிட்டார், குழந்தைகள் இல்லை. புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்தில் சொந்த வீட்டில் தனியாக இருந்தார். "நீங்களாவது வந்து தம்பியைப் பாத்துட்டுப் போகக் கூடாதா?" என்று அம்மா கேட்டால் ஆயிரம் காரணம் சொல்வார், ஆயிரமும் உண்மை. பஸ் அவருக்கு ஆகாது. ஏறி இரண்டு மைல் போவதற்குள் வாந்தி எடுத்து ஆளே துவண்டுவிடுவார். ரயில் புகையும் அப்படித்தான். ஒரு தடவை வீம்பாக மாட்டு வண்டி கட்டிக்கொண்டு புறப்பட்டு, பாதி வழியில் கீரனூரோடு திரும்பிப் போனார்.

ஆக, ஸ்ரீரங்கத்தில் தம்பி, முப்பது சொச்சம் மைலில் அக்கா, பதின்மூன்று வருஷமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அம்மாவும் நானும் கோடை லீவில் போய் வருவோம். போனதும் அத்தை கேட்கும் முதல் கேள்வி, "தம்பி எளைச்சிருக்கானா?" திரும்பி வந்ததும் அப்பா கேட்கும் முதல் கேள்வி, "அந்த வீட்டு ஓடு ஒழுகுதா?" அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டால் மானம் போய்விடும் அல்லவா, அதனால் ஓட்டைப் பற்றிக் கேட்பார். அம்மாவும் சளைக்காமல், "ஓட்டுக்கு முழங்கால் வலியாம்" என்பாள்.

ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் தெருவில் எங்களுக்கு வாடகை வீடு. வருஷா வருஷம் மார்ச் மூன்றாம் தேதி அப்பா லீவு போட்டுவிடுவார். முகம் மழிக்க மாட்டார், யாரோடும் பேச மாட்டார். மோர்சாதம் மட்டும் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பார். வீட்டிலிருந்து யாரும் வெளியே போகவும் கூடாது. 'தெவசம்' என்று அதற்குப் பேர் வைத்தது அம்மா. முதல் வருஷமே கேட்டிருக்கிறாள், "தெவசம்னா திதி பாத்துச் செய்யணும். இது என்ன, இங்கிலீஷ் தேதியில?"

"ஸ்டேட்டை இங்கிலீஷ்ல கையெழுத்துப் போட்டுத்தானே முடிச்சாங்க" என்றாராம் அப்பா. அன்று முழுக்க அவர் பேசிய ஒரே வார்த்தை அதுதான். தெவசம் என்றால் வடை இல்லாமலா என்று அம்மா வடை சுடுவாள். வாசம் பிடித்து வீட்டுக்கார மாமி கொல்லைப்புறத்திலிருந்து, "உங்காத்துல இன்னிக்கு யாருக்கு ச்ராத்தம்?" என்று கேட்க, "ஸ்டேட்டுக்குங்க மாமி" என்று அம்மா பதில் சொன்னதும் உண்டு. மாமி இரண்டு நாள் அம்மாவை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

1961ல் எனக்குப் பதினெட்டு வயது. திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் சரித்திர லெக்சரர் அம்மாளுக்கு அந்த வருஷம் ஒரு யோசனை வந்தது. அமெரிக்காவில் ஐம்பது ஸ்டேட், ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேதியில் சேர்ந்தது. அந்தந்தத் தேதி வரும்போது ஒரு மாணவி அந்த ஸ்டேட்டைப் பற்றிப் பத்து நிமிஷம் தமிழில் பேச வேண்டும். சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டார்கள். என் சீட்டில் ப்ளோரிடா, மார்ச் மூன்று என்று இருந்தது. வேறு யாருக்காவது மாற்றிக் கொடுத்திருக்கலாம். ஆனால் சீட்டைப் பிரித்ததும் எனக்கு ஏதோ ஒரு குறும்புச் சந்தோஷம். அங்கே ஒரு ஸ்டேட் பிறந்த நாளும் இங்கே ஒரு ஸ்டேட் போன நாளும் ஒன்றா! சீட்டை யாருக்கும் கொடுக்கவில்லை. அப்பாவிடம் மூன்றாம் தேதி பரீட்சை இருக்கிறது என்று புளுகிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

லைப்ரரியில் இரண்டு புத்தகம் கிடைத்தது. ஸ்பெயின்காரர்கள் வந்து பூவின் பேரை அந்த மண்ணுக்கு வைத்தது, இங்கிலீஷ்காரன் கைக்குப் போய்த் திரும்ப ஸ்பெயின்காரன் கைக்கே வந்தது, பிறகு அமெரிக்காவுக்குக் கைமாறியது, இருபது வருஷத்துக்கு மேல் கவர்னர் வைத்து ஆண்டது, கடைசியில் ஸ்டேட் ஆக்கியது என்று எல்லாவற்றையும் எழுதினேன். எழுதும்போது ஒரு வார்த்தையில் இடறியது. ஸ்டேட் என்பதற்குத் தமிழில் என்ன போடுவது? அப்போது பத்திரிகைகளில் ராஜ்யம் என்றுதான் எழுதுவார்கள். ராஜாவே இல்லாத ஊரை ராஜ்யம் என்று எழுத எனக்குச் சிரிப்பு வந்தது. மாகாணம் என்றால் வெள்ளைக்காரன் ஞாபகம். எங்கள் வீட்டு வார்த்தையே இருக்கட்டும் என்று 'ஸ்டேட்' என்றே போட்டுக்கொண்டேன். எல்லா வம்பும் அதில்தான் வந்தது.

பிப்ரவரியில் ஒரு நாள் மத்தியானம், அப்பா ஆபீஸ் போயிருந்த நேரம். நான் முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து பேச்சை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். "எத்தனையோ பேர் கைக்கு மாறி மாறிக் கிடந்த அந்த மண், மார்ச் மூன்றாம் தேதி ஸ்டேட் ஆனது! பீரங்கிகள் முழங்கின! ஊர் முழுக்க மக்கள் ஆடிப் பாடினார்கள்!" கடைசி இரண்டு வாக்கியமும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. சப்பென்று முடிகிறதே என்று நானாகச் சேர்த்துக்கொண்டது.

வாசலில் முந்திரிக்காரம்மா நின்றுகொண்டிருந்தார். ஆலங்குடிப் பக்கத்து மனுஷி. மாதம் இரண்டு தடவை முந்திரிப்பருப்பு மூட்டையோடு ஸ்ரீரங்கம் வருவார். வரும் வழியில் அத்தை வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு, அத்தை சொல்லும் சேதியை எங்களிடம் சேர்ப்பார். எங்கள் சேதியைத் திரும்பக் கொண்டுபோவார். எழுதப் படிக்கத் தெரியாத அத்தைக்கு அவர்தான் தபால் ஆபீஸ்.

"என்ன பாப்பா, ஸ்டேட்டாயிருச்சா?" என்று கேட்டார்.

எனக்கு அந்த வயதில் மூக்குக்கு மேல் கோபம் வரும். பாதிப் பேச்சில் யாராவது குறுக்கே வந்தால் கேட்கவே வேண்டாம். "ஆயிருச்சு, ஆயிருச்சு. அம்மா உள்ள இருக்காங்க, போங்க" என்றேன்.

"மார்ச் மூணாந்தேதியா?"

"ஆமாங்க, மூணாந்தேதிதான்!"

அவர் மூட்டையை இறக்கிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதையாவது நான் கவனித்திருக்கலாம்.

பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தைக்குப் பக்கத்து வீட்டுச் சிறுமியின் கோணல் எழுத்தில் எழுதிய ஒரு கார்டை முந்திரிக்காரம்மா கொண்டுவந்து அப்பா கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். அப்பா ஒரு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு அம்மாவிடம் நீட்டினார். அம்மா உரக்கப் படித்தாள்.

'தம்பிக்கு ஆசீர்வாதம். நம்ம ஸ்டேட் திரும்பவும் ஆகிவிட்டதென்று முந்திரிக்காரி சொல்லக் கேட்டு மெத்த சந்தோஷம். இனிமேல் நீ மண்ணை மிதிக்கலாம். மூன்றாம் தேதி உனக்குச் சமைத்து வைப்பேன். எனக்கு இடது கண் போய்விட்டது. வலது கண்ணும் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டு வருகிறது. செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். முகம் தெரிகிறபோதே வந்துவிடு.'

கண் விஷயம் எங்கள் யாருக்கும் தெரியாது. போன கோடையில் ஊசியில் நூல் கோத்துத் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார், வயதாகிவிட்டது என்று நினைத்தோம். அம்மா கார்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா விசாரணையை ஆரம்பித்தார். "ஸ்டேட் ஆயிருச்சுன்னு யாரு சொன்னது?" ஆபீசில் ஒரு ஃபைல் காணாமல் போனால் எப்படிக் கேட்பாரோ அப்படி. முந்திரிக்காரம்மா யாரிடம் கேட்டார், எந்த நாளில், அப்போது வீட்டில் யார் யார் இருந்தார்கள். மூன்றாவது கேள்வியிலேயே நான் அகப்பட்டுக்கொண்டேன். உள்ளே போய் நோட்டை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன்.

முதலிலிருந்து கடைசிவரை படித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு. "ஸ்டேட் ஆனதுன்னு எழுதியிருக்கே. அதுக்கு முன்னாடி அது என்ன?"

"தனியா ஒண்ணும் இல்லப்பா. மேலேருந்து ஒரு கவர்னரை அனுப்பி ஆண்டாங்க. அப்புறம் யூனியன்ல சேத்துக்கிட்டாங்க. சேந்தப்புறம்தான் ஸ்டேட்."

"சேந்தாத்தான் ஸ்டேட்டா?"

"ஆமாப்பா."

"நாம சேந்ததுலதானே ஸ்டேட்டே போச்சு."

அங்கே சேர்ந்ததால் கிடைத்த பேர், இங்கே சேர்ந்ததால் பறிபோன பேர், இரண்டுக்கும் ஒரே வார்த்தை. நோட்டில் ஓரிடத்தில் அவர் விரல் நின்றது. "இந்த பீரங்கி எந்தப் புஸ்தகத்துல இருக்கு?"

"புஸ்தகத்துல இல்லப்பா. நானாப் போட்டது."

"இல்லாததை எழுதினவ, இல்லாததைச் சொன்னதுல என்ன ஆச்சரியம்" என்று சொல்லி நோட்டை மூடினார். ஒரு அறை வாங்கியிருந்தால் அவ்வளவு உறைத்திருக்காது.

அன்று சாயங்காலமே அத்தைக்குப் பதில் எழுதினார். 'தங்கள் கார்டு கிடைத்தது. மேற்படி செய்தி ஆதாரமற்றது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்' என்று ஆரம்பித்தது அந்தக் கடிதம். சொந்த அக்காவுக்கு! அம்மா எட்டிப் பார்த்துவிட்டாள். என் அம்மா அப்பாவை எதிர்த்துச் சத்தம் போட்டு நான் பார்த்தது மொத்தமே இரண்டு தடவை. அதில் இது ஒன்று.

"ஏங்க, அவங்களுக்குக் கண்ணு போகுதுங்க. நீங்க ஆதாரம் இருக்கா இல்லையான்னு பாத்துக்கிட்டு இருக்கீங்க. ஸ்டேட்டு போயி பதிமூணு வருஷமாச்சு. அவங்க இருக்காங்கல்ல?"

அப்பா கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் தபாலில் போடுவார் என்று நினைத்தோம். சட்டை துவைக்கப் போடும்போது பையில் கடிதம் இருந்தது. அம்மா அதை எடுத்து அடுத்த சட்டையின் பையில் வைத்தாள். இப்படியே நாலைந்து நாள், சட்டைக்குச் சட்டை அந்தக் கடிதம் மாறிக்கொண்டிருந்தது.

மூன்றாம் தேதி விடிந்தது. நான் எழுந்து வந்தபோது அப்பா கொல்லையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு முகம் மழித்துக்கொண்டிருந்தார். அந்தத் தேதியில் அவர் முகத்தில் கத்தி பட்டு நான் பார்த்ததே இல்லை. அம்மா அடுப்படி வாசலில் நின்று எனக்குச் சைகை காட்டினாள், எதுவும் கேட்காதே என்று.

"புறப்படு, புதுக்கோட்டைக்குப் போகணும்" என்றார் என்னிடம்.

"எனக்கு இன்னிக்குக் காலேஜ்ல பேச்சுப்பா."

"தெரியும். தப்புச் சேதி சொன்னவ நீ. நீயே உன் வாயால அத்தைகிட்ட சொல்லு. இருக்கறதை இருக்கறபடி சொல்லணும்."

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மூன்று வாரம் தொண்டை கிழியப் பழகிய பேச்சு. என்னைவிட ஒரு வகுப்பு மேலே படித்த பெண்களெல்லாம் வந்து கேட்கப் போகிறார்கள். ப்ளோரிடா போனதே என்று காவிரிப் பாலம் தாண்டும்வரை டவுன் பஸ்ஸில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தேன். அத்தையின் கண்ணைவிட என் பேச்சு எனக்குப் பெரிதாக இருந்தது. இன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தது அதுதான்.

ஜங்ஷன் பக்கம் புதுக்கோட்டை பஸ் ஏறினோம். மாத்தூர் வந்ததும் அப்பா ஜன்னல் வழியாக வெளியே பார்த்து, "இங்கேருந்து ஸ்டேட்" என்றார். பொட்டல்காடும் பனைமரமும்தான் தெரிந்தன. அதற்குப் பிறகு ஊர் ஊராகப் பேர் சொல்லிக்கொண்டே வந்தார், கண்டக்டர் சொல்வதற்கு முன்னால். நார்த்தாமலைப் பாறைகள் தெரிந்தபோது மட்டும் ஒன்றும் சொல்லவில்லை, கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

புதுக்கோட்டையில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள், நானும் இறங்கிவிட்டேன். அப்பா படிக்கட்டில் நின்றார். பஸ்ஸில் வருவது மண்ணை மிதிப்பது ஆகாது என்று இவ்வளவு நேரம் அவர் மனதுக்குள் ஒரு கணக்கு இருந்திருக்க வேண்டும். இனிமேல் அந்தக் கணக்கு செல்லாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றார். "எறங்குங்க சார், வண்டி டெப்போவுக்குப் போகணும்" என்றார் கண்டக்டர். அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வெறுங்காலோடு இறங்கினார். மார்ச் மாதத்து வெயிலில் தரை கொதித்தது. ஒற்றை மாட்டு வண்டி பிடித்து அத்தை வீட்டுக்குப் போனோம், வழி முழுக்கச் செருப்பு அவர் மடியிலேயே இருந்தது.

அத்தை வாசலில் கோலம் போட்டு வைத்திருந்தார். கோடுகள் ஒன்றோடொன்று சேராமல் இருந்தன. வண்டிச் சத்தம் கேட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "தம்பியா?"

"நான்தாங்க்கா."

அத்தை கிட்டே வந்து தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வலது கண்ணால் அப்பாவைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் நெற்றி, மூக்கு, தாடை என்று தடவினார். "பாதிதான் தெரியுது. மீதியைக் கையால பாத்துக்கறேன். தலைமுடியெல்லாம் எங்கடா போச்சு?" என்றார். அப்பா சிரித்தார். சிரித்தபடியே அழுதார். என் அப்பா அழுது நான் பார்த்தேன் என்று எழுத எனக்குத் தயக்கமில்லை. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் அழுதிருக்க வேண்டிய அழுகை அது.

உள்ளே உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும் அத்தை கேட்டார். "அப்ப, ஸ்டேட்டாயிருச்சா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். அதற்குள் அத்தையே, "பக்கத்து வீட்டுல எல்லாரும் அதெல்லாம் ஒண்ணும் இல்லேங்கறாங்க. எவன் சொன்னா எனக்கென்ன? என் தம்பி சர்க்கார் ஆபீசுல ரெக்கார்டெல்லாம் வச்சிருக்கான், அவன் வந்து சொல்லட்டும், அப்ப நம்பறேன்னுட்டேன்" என்றார்.

"அத்தை, அது வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"ஆமாங்க்கா," என்றார் அப்பா. "ஆயிருச்சு."

எனக்கு வாய் திறந்தது திறந்தபடி நின்றுவிட்டது. அப்பா என் பக்கமே திரும்பவில்லை. "இவளுக்கு எல்லாம் தெரியும். எப்படி ஆச்சுன்னு சொல்லச் சொல்லுங்க" என்றார்.

கல்லூரியில் பேச வேண்டிய பேச்சை அந்தக் கூடத்தில் பேசினேன். ஊர்ப் பேரை விட்டுவிட்டேன், கடலை விட்டுவிட்டேன், ஸ்பெயின்காரனை விட்டுவிட்டேன். எத்தனையோ பேர் கைக்கு மாறிக் கிடந்த மண் ஸ்டேட் ஆனது என்று வந்தபோது பீரங்கிக்கு முன்னால் கொஞ்சம் தயங்கினேன். "ம், சொல்லு" என்றார் அப்பா. பீரங்கிகள் முழங்கின, மக்கள் ஆடிப் பாடினார்கள் என்றேன். அத்தை கை கொட்டிச் சிரித்தார். "அதான் எனக்கு ஒண்ணும் கேக்கலே. காதும் போயிருச்சு போல" என்றார்.

சாப்பாடு முடிந்து வெற்றிலை மடிக்கும்போது, நாங்கள் யாரும் எதிர்பார்க்காத ஒரு கேள்வியைக் கேட்டார். "ஸ்டேட்டு வந்தா ஸ்டேட் ஆபீசும் இங்கதானே வரும்? அப்ப நீ எப்ப குடி வரே?"

அப்பா கையில் இருந்த வெற்றிலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆர்டர் வரணும்க்கா" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து வந்தார். என் மேல் கோபம் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வேட்டியைக் கட்டிக்கொண்டு தனியாகப் புதுக்கோட்டைக்குப் போனார். அதற்கடுத்த ஞாயிறும் போனார். ஒவ்வொரு தடவையும் அத்தை கேட்பாராம், "ஆர்டர் வந்துருச்சா?" அப்பா ஒவ்வொரு தடவையும் "இன்னும் வரலக்கா" என்பாராம். இதை அவர் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

ஏப்ரலில் ஒரு நாள் புதுக்கோட்டை டிவிஷன் ஆபீசுக்கு மாற்றல் கேட்டு மனுப் போட்டிருப்பதாக வீட்டில் சொன்னார். ஆபீசில் சிரித்தார்களாம். தலைமை இடத்திலிருந்து கீழே போக யாராவது மனுப் போடுவார்களா? நான் ஒரு பாட்டம் அழுதேன், என்னை ஹாஸ்டலில் விட வேண்டியிருக்கும் என்பதற்காக. அம்மா மட்டும், "ஸ்டேட்டு போனப்ப ஒரு தடவ மூட்டை கட்டினேன். இப்ப வந்ததுக்கு ஒரு தடவையா?" என்று சொல்லிவிட்டு, அன்றே பித்தளைப் பாத்திரங்களைத் தேய்த்துச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

ஜூன் மாதம் ஆர்டர் வந்தது. அந்த ஞாயிறு நானும் கூடப் போனேன். அத்தைக்கு அதற்குள் வலது கண்ணும் முழுக்கப் போய்விட்டிருந்தது. அப்பா குரல் கேட்டதும் வழக்கம்போலக் கேட்டார். "வந்துருச்சா?"

"வந்துருச்சுக்கா. கையில வச்சிருக்கேன்."

"படி."

நான் அப்பாவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். இங்கிலீஷில் டைப் அடித்த அந்தத் தாளில், திருச்சிராப்பள்ளி ஜில்லா, புதுக்கோட்டை டிவிஷன் ஆபீசில் கிளார்க்காக மாற்றப்படுகிறார் என்று இரண்டே வரிதான் இருந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழில் சொல்லிக்கொண்டே நிதானமாகப் படித்தார்.

"புதுக்கோட்டை ஸ்டேட். ஸ்டேட் ஆபீஸ், ரெக்கார்டு கீப்பர். முன்பு பார்த்த அதே உத்தியோகம்."

ஒரு காகிதத்தில் இல்லாததை அப்பா படித்து நான் கேட்டது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். அத்தை தலையை ஆட்டியபடி முழுவதும் கேட்டார். "அதே உத்தியோகமா?" என்று ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

"அதேதாங்க்கா."

"அப்ப சரி. கை கால் கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது" என்றார்.